ஹோமை விட்டு வரும் பிள்ளைக்கு எந்த வழி: பிற்காப்பு இல்லமா, விடுதியா, வேலையா, சொந்தக்காரர் வீடா?

நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு 18 என்றால் ஓட்டுப் போடும் வயது, லைசென்ஸ் எடுக்கும் வயது. குழந்தைகள் இல்லத்தில் வளரும் பிள்ளைக்கு அது பெட்டியைக் கட்டும் வயது. சிலருக்கு அந்தத் தேதியே குத்துமதிப்பாகப் போட்டதுதான். பஸ் ஸ்டாண்டில் கண்டெடுத்த குழந்தையின் பிறந்தநாள் யாருக்குத் தெரியும்? டாக்டர் பார்த்து "இத்தனை வயது இருக்கலாம்" என்று எழுதியதை வைத்துத்தான் கணக்கு ஓடுகிறது.

நான் ஆறு வருடமாக ஓர் இல்லத்தில் சாயங்காலம் கணக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். பிள்ளைகள் தங்களை "ஹோம் பசங்க" என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள். அதனால் நானும் ஹோம் என்றே எழுதுகிறேன். பிளஸ் டூ பரீட்சை முடிந்ததும் வருடா வருடம் யாராவது ஒருவர் என்னிடம் வந்து கேட்பது ஒரே கேள்வி. "மிஸ், அடுத்து நான் எங்க போறது?" மற்ற வீடுகளில் அடுத்து என்ன படிப்பது என்று கேட்பார்கள். இங்கே முதலில் தெரிய வேண்டியது அன்றைக்கு ராத்திரி எங்கே படுப்பது என்பது.

இந்தக் கேள்விக்கு அரசு பதில் வைத்திருக்கிறது. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 46வது பிரிவு, 18 வயது முடிந்து இல்லத்தை விட்டுப் போகிறவர்களுக்கு நிதி உதவி வழங்கப்படலாம் என்கிறது. அதன்கீழ் வந்த 2016 மாதிரி விதிகள் படிப்பு, தொழில் பயிற்சி, தங்குமிடம் எல்லாவற்றையும் பேசுகின்றன. இதற்குப் பெயர் பிற்காப்பு. அலுவலகங்களில் "ஆஃப்டர்கேர்" என்றால்தான் சட்டென்று புரியும். பொதுவாக 21 வயதுவரை, விசேஷக் காரணம் இருந்தால் மேலும் இரண்டு வருடம், அதாவது 23 வரை. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் இதற்கு மாதம் 4,000 ரூபாய் என்று வைத்திருக்கிறார்கள். ஆனால் சட்டத்தில் இருப்பது "வழங்கப்படலாம்". அந்த "லாம்" எழுத்தில் சின்னதாகத் தெரிகிறது. கேட்காதவருக்குக் கிடைக்காது என்பதுதான் நடைமுறையில் அதற்கு அர்த்தம். அதனால் எந்த வழியைத் தேர்ந்தெடுக்கப் போகிறோம் என்று 17 வயதிலேயே உட்கார்ந்து பேசிவிட வேண்டும்.

வழிகளை எதை வைத்து ஒப்பிடுவது? பெரும்பாலானவர்கள் மாதம் எவ்வளவு கைக்கு வரும் என்று பார்க்கிறார்கள். நான் அதை இரண்டாவதாகத்தான் பார்ப்பேன். நம் பிள்ளை ஒரு செமஸ்டரைக் கோட்டை விட்டாலும், சேர்ந்த வேலையைப் பத்தே நாளில் விட்டாலும், பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வரும். அம்மா திட்டிக்கொண்டே தோசை வார்ப்பாள். நாலு நாள் தூங்கி எழுந்து அடுத்ததைப் பார்க்கும். ஹோம் பிள்ளைக்கு அந்த நாலு நாள் இல்லை. அதனால் என் முதல் கேள்வி இதுதான்: எடுத்த முடிவு சரிப்படாமல் போனால் திரும்பி வர ஓர் இடம் இருக்கிறதா?

இங்கிலாந்தில் வளர்ப்புப் பெற்றோரிடம் இருக்கும் பிள்ளைகள், இரு தரப்பும் விரும்பினால், 21 வயதுவரை அதே வீட்டில் தொடரலாம் என்று 2014இல் சட்டம் போட்டார்கள். தனி ஆலோசகரின் உதவியை 25 வயதுவரை கேட்டுப் பெறலாம். பணத்தைவிட இந்த இரண்டும்தான் என்னைக் கவர்ந்தவை. தெரிந்த வீடு ஒன்று, போன் எடுக்கும் ஆள் ஒருவர். நம் ஊரில் உள்ள வழிகளையும் இந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன்.

முதலில் பிற்காப்பு இல்லம். ஹோமிலிருந்து இன்னொரு ஹோமா என்று பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். நியாயம்தான். அங்கேயும் வருகைப் பதிவு, அங்கேயும் நேரக் கட்டுப்பாடு. எல்லா மாவட்டத்திலும் இல்லம் இருக்காது என்பதால் பழகிய ஊரை விட்டுப் போக வேண்டி வரலாம். ஆனால் வாடகை இல்லை, சாப்பாடு இருக்கிறது, கோப்பு உயிரோடு இருக்கிறது. ஒரு பயிற்சி சரிப்படவில்லை என்றால் இன்னொன்றுக்கு மாற்றிக்கொள்ள அங்கே அவகாசம் உண்டு. நான் முதலில் கேட்ட கேள்விக்கு, 21 வயதுவரைக்குமாவது, தெளிவாக "இருக்கிறது" என்று பதில் தருவது இந்த ஒரு வழிதான்.

மாதிரி விதிகளில் இன்னொரு யோசனை இருக்கிறது. ஆறிலிருந்து எட்டுப் பேர் சேர்ந்து தற்காலிகமாக ஒரு வீட்டில் தங்குவது. எனக்கு ரொம்பப் பிடித்தது இது. ஏன் என்று சொல்ல ஒரு பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். கெட்டிக்காரன், கணக்கில் எப்போதும் தொண்ணூறுக்கு மேல். நண்பர்களோடு அறை எடுத்துத் தங்கிய முதல் வாரம் என்னிடம் கேட்டான்: "மிஸ், மூணு பேருக்கு எவ்வளவு பருப்பு போடணும்?" அவனுக்குத் தெரிந்ததெல்லாம் ஹோம் சமையலறையில் நூறு பேருக்கு அண்டாவில் பருப்பு வேகிற காட்சி. கடையில் போய்க் கால் கிலோ என்று கேட்டதே இல்லை. கேஸ் புக் பண்ணுவது, கரண்ட் பில் கட்டுவது, காய்ச்சல் வந்தால் எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது, இதெல்லாம் நம் பிள்ளைகள் வீட்டில் சும்மா பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டவை. எட்டுப் பேர் வீட்டில் அவற்றைத் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொள்ளலாம். ஒருவன் பில் கட்ட மறந்தால் இன்னொருவன் ஞாபகப்படுத்துவான். உங்கள் மாவட்டத்தில் இப்படி ஒரு வீடு நடந்தால், முதலில் அங்கே இடம் கேளுங்கள்.

அப்புறம் கல்லூரி. தமிழ்நாட்டில் இந்த வழிக்குப் பலம் அதிகம். ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் தொழிற்கல்விப் படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று 2021இல் அறிவித்தார்கள். பெண்களுக்குப் புதுமைப் பெண், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன், இரண்டிலும் மாதம் 1,000 ரூபாய். வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதை வாங்கலாம். பலருக்குத் தெரியாத விஷயம் இன்னொன்று. பத்து வயதுக்குள் பெற்றோரை இழந்து, பார்த்துக்கொள்ள யாரும் இல்லாமல், அரசு அல்லது அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளியிலோ இல்லத்திலோ சேர்க்கப்பட்ட பிள்ளைகள் தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். சாதி தெரியாததால் பொதுப் பிரிவில் விண்ணப்பித்துவிட்டு, கட்-ஆஃப் தாண்டாமல் அழுத பெண்ணை எனக்குத் தெரியும். ஹோம் சான்றிதழை வைத்து முன்கூட்டியே சாதிச் சான்றிதழ் வாங்கியிருந்தால் அவளுக்கு இடம் கிடைத்திருக்கும்.

பிற்காப்புத் தொகை 4,000, மாதாந்திர உதவி 1,000, ஆக 5,000. சாப்பாடும் இடமும் விடுதியில் என்றால் இது போதும். வெளியே அறை எடுத்தால் பெரிய ஊர்களில் போதவே போதாது. இந்த வழியில் ஓட்டை விழும் இடம் வேறு. விடுதிக்கு லீவு உண்டு.

கல்லூரியில் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு முதல் பொங்கல் வந்தது. மெஸ் மூடுகிறார்கள், நாளைக்குக் காலை பத்து மணிக்குள் எல்லோரும் கிளம்ப வேண்டும் என்று போர்டில் எழுதிப் போட்டார்கள். அவள் ஒரு தோழியோடு அவர்கள் ஊருக்குப் போனாள். நன்றாகவே பார்த்துக்கொண்டார்கள். செமஸ்டர் லீவுக்கு வேறொரு தோழி வீடு. மூன்றாவது லீவுக்கு யாரிடமும் கேட்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது. பெட்டியோடு பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்துகொண்டு எனக்குப் போன் செய்தாள். "மிஸ், ஹோமுக்கு ரெண்டு நாள் வரலாமான்னு அம்மாகிட்ட கேட்டுச் சொல்றீங்களா?" அம்மா என்று அவள் சொன்னது கண்காணிப்பாளரை. அவருக்கும் மனசு இருந்தது. ஆனால் 18 தாண்டியவரைச் சின்னப் பிள்ளைகளோடு தங்கவைக்க அவருக்கு அனுமதி இல்லை. அன்றைக்கு அவள் என் வீட்டில் தங்கினாள். அடுத்த லீவுக்கு என்ன என்பது அப்படியே நின்றது.

அதனால் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது தரவரிசையோடு இதையும் பாருங்கள். வளர்ந்த மாவட்டத்திலேயே, அல்லது பிற்காப்பு இல்லமோ குழு வீடோ இருக்கும் ஊரிலேயே சேர்ந்தால் லீவுக்கு ஒரு வழி பிறக்கும். லீவு நாட்களில் தங்குவதற்கான ஏற்பாட்டைப் பிற்காப்புத் திட்டத்திலேயே எழுதி வாங்குங்கள். விடுதி வார்டனிடமும் சேரும் அன்றே பேசிவிடுங்கள். லீவுக்கு முந்தின நாள் போய் நின்றால் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது.

வருடக் கணக்கும் போட வேண்டும். 18இல் சேர்ந்தால் மூன்று வருடப் பட்டம் 21இல் முடியும், கையில் சான்றிதழ் வருகிற நேரமும் உதவி நிற்கிற நேரமும் ஒன்றாக வரும். பொறியியல் என்றால் 22. அப்படியானால் 21 வரை காத்திருக்காமல், மூன்றாம் வருடத்திலேயே நீட்டிப்புக்கு எழுதிக் கொடுக்க வேண்டும்.

இந்த வருடக் கணக்கினால்தான், என்ன படிப்பது என்று திடமாகத் தெரியாத பிள்ளைகளுக்கு நான் ஐடிஐ என்று சொல்கிறேன். ஒரு வருடம் அல்லது இரண்டு வருடம். எட்டாவது, பத்தாவது முடித்தவர்களுக்கும் பிரிவுகள் உண்டு, பிளஸ் டூவில் தவறியவர்களுக்கும் கதவு திறந்திருக்கிறது. அரசு ஐடிஐயில் கல்விக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை. தகுதி இருந்தால் 1,000 ரூபாயும், பிற்காப்புத் தொகையும் சேர்ந்தால் 5,750. எல்லாவற்றையும்விட முக்கியம், 20 வயதில் ஃபிட்டர் என்றோ எலக்ட்ரீஷியன் என்றோ ஒரு சான்றிதழோடு வெளியே வரும்போது பிற்காப்புக் காலத்தில் இன்னும் ஒரு வருடம் மிச்சம் இருக்கும். முதல் வேலை பிடிக்காமல் போனால் தாங்கிக்கொள்ள அந்த ஒரு வருடம் உதவும். பட்டப்படிப்புதான் கௌரவம் என்று நினைக்கிற நல்ல மனசுக்காரர்கள் ஹோமுக்கு நிறைய வருவார்கள். பிள்ளைக்கு இஷ்டமில்லாத பட்டப்படிப்பில் அதைத் தள்ளாதீர்கள் என்று அவர்களைக் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்.

வேலைக்குப் போவது அடுத்து. கைக்கு வரும் பணத்தை மட்டும் பார்த்தால் இதை அடிக்க வேறு வழி கிடையாது. பதினேழு வருடம் சட்டைகூட யாரோ கொடுத்ததைப் போட்ட பையனுக்கு, தன் சம்பளத்தில் ஒரு சட்டை வாங்குவதன் சந்தோஷம் எனக்கும் புரிகிறது. ஆனால் இவர்களில் பலர் சேர்வது கம்பெனியே விடுதி தரும் வேலைகளில். வேலை போன அன்றே கட்டிலும் போகும். போன இடத்தில் ஒரு பையனின் ஏடிஎம் கார்டை ஆள் எடுக்கும் காண்டிராக்டர் "நான் வச்சிருக்கேன் தம்பி" என்று வாங்கி வைத்துக்கொண்டார். கேட்டுத் திரும்ப வாங்க வேண்டும் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை. பெரியவர்கள் பொருளை வாங்கி வைத்துக்கொள்வது ஹோமில் பழக்கம்தானே. நாங்கள் இரண்டு பேர் நேரில் போய்த்தான் வாங்கி வந்தோம்.

இன்னொரு சங்கடமும் உண்டு. வேலைக்குப் போனதும் "சொந்தக் காலில் நிற்கிறார்" என்று எழுதிக் கோப்பை மூடிவிடுவார்கள். ஆறு மாதத்தில் வேலை போய்த் திரும்பி வந்தால் முதலிலிருந்து அலைய வேண்டும். ஆகவே வேலைதான் என்று பிள்ளை பிடிவாதமாக இருந்தால், தங்குமிடம் வேலையோடு ஒட்டாமல் தனியாக இருக்கிற மாதிரி பாருங்கள். பெண்களுக்கு அரசின் தோழி விடுதிகள் சில ஊர்களில் உண்டு. பிஎஃப், இஎஸ்ஐ பிடிக்கிறார்களா என்று சேரும் முன் கேளுங்கள். பிடிக்கும் பணம் தண்டம் என்று பையன்கள் நினைக்கிறார்கள். கை உடைந்து இஎஸ்ஐ ஆஸ்பத்திரிக்குப் போகும்போதுதான் அதன் அருமை தெரிகிறது.

சொந்தக்காரர் வீட்டைப் பற்றி எழுதத் தயக்கமாக இருக்கிறது, ஏனென்றால் பிள்ளைகள் மனசில் முதலிடத்தில் இருப்பது இதுதான். ஹோமில் இருக்கிற எல்லோரும் அப்பா அம்மா இருவரும் இல்லாதவர்கள் இல்லை. அப்பா இறந்து, அம்மா கூலி வேலைக்குப் போவதால் வந்து சேர்ந்தவர்கள் ஏராளம். அந்த அம்மாவிடம் திரும்பிப் போவது நல்லதுதான், அவளால் முடியும் என்றால். பெரியம்மா வீடு, சித்தப்பா வீடு என்றால் ஒரு தடவைக்கு நாலு தடவை யோசிக்கச் சொல்வேன். 18 ஆவதற்கு முன்பே லீவுகளில் போய்த் தங்கிப் பார்க்கட்டும். இரண்டு நாள் விருந்தாளியாகப் போனால் தெரியாது, கோடை விடுமுறை முழுக்க இருந்தால் தெரிந்துவிடும். ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பார்களா என்று கேளுங்கள். அதற்கு வரும் பதிலில் பாதி விஷயம் புரிந்துவிடும். பெண் பிள்ளை என்றால், போன பிறகு படிப்பு தொடருமா, அந்த வீட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளத்தான் கூப்பிடுகிறார்களா என்பதைக் கண்காணிப்பாளர் நேரில் பேசித் தெரிந்துகொள்ள வேண்டும்.

கொரோனாவில் பெற்றோரை இழந்த பிள்ளைகள் இதில் தனி. தமிழ்நாடு அரசு 2021இல் பெற்றோர் இருவரையும் இழந்தவர்களுக்கு 5 லட்சம் ரூபாய் வைப்பு வைத்தது, 18 முடிந்ததும் வட்டியோடு கிடைக்கும். மத்திய அரசின் பிஎம் கேர்ஸ் திட்டத்தில் 18 முதல் 23 வரை மாதாமாதம் உதவித்தொகை, 23இல் 10 லட்சம். பிள்ளைக்கு எது பாதுகாப்பு என்று கேட்டால் இரண்டாவது முறை என்பேன். மொத்தப் பணம் 18 வயதில் கணக்கில் விழும்போது, இத்தனை வருடம் எட்டிப் பார்க்காத உறவும் வந்து நிற்கும். பிள்ளையும் அன்புக்கு ஏங்கிக் கிடக்கும், கேட்டால் கொடுத்துவிடும். பணம் வந்த உடனே பெரும்பகுதியைப் பிள்ளை பெயரிலேயே நிரந்தர வைப்பில் போட்டுவிட்டு அப்புறம் உறவு கொண்டாடினால் போதும்.

பெண்களுக்குக் கல்யாணம் என்று இன்னொரு வழியையும் சிலர் சொல்வார்கள். 18 ஆனதும் நல்ல வரன் பார்த்துக் கொடுத்துவிட்டால் பொறுப்பு முடிந்தது என்ற எண்ணம். ஒப்பிட்டுப் பார்க்கும் பட்டியலில் இதைச் சேர்க்கவே மாட்டேன். சண்டை வந்தால் திரும்பிப் போக அப்பா வீடு இல்லாத பெண்ணை, கையில் படிப்போ சம்பளமோ இல்லாமல் ஒரு வீட்டுக்குள் அனுப்பக் கூடாது. 23, 24இல் அவளே பார்த்துச் செய்துகொள்ளட்டும். நாம் போய் ஆசீர்வாதம் செய்யலாம்.

என்னைக் கேட்டால் என் வரிசை இப்படி. மதிப்பெண்ணும் ஆசையும் இருக்கிற பிள்ளைக்குப் பக்கத்திலேயே கல்லூரி, லீவு ஏற்பாட்டோடு. மற்றவர்களுக்குப் பிற்காப்பு இல்லத்தில் அல்லது குழு வீட்டில் இருந்துகொண்டு ஐடிஐ. வேலை அதற்குப் பிறகு. சொந்தக்காரர் வீடு, தங்கிப் பார்த்து நம்பிக்கை வந்தால் மட்டும்.

எந்த வழி என்றாலும் தாள்கள் சரியாக இருக்க வேண்டும். விதிப்படி, பிள்ளை இல்லத்தை விட்டுப் போவதற்கு இரண்டு மாதம் முன்பே பிற்காப்புத் திட்டம் ஒன்றை எழுதிக் குழந்தைகள் நலக் குழுவிடம் கொடுக்க வேண்டும். நான் பார்த்தவரை அது பல சமயம் நாலு வரியில் முடிந்துவிடும்: "மேற்படிப்புக்கு உதவி தேவை." அப்படிப் போன ஒரு கோப்பு ஐந்து மாதம் ஒரு மேஜையில் கிடந்தது. அந்த ஐந்து மாதமும் பையன் கடன் வாங்கிப் பஸ்ஸுக்குப் போனான். எந்தப் படிப்பு, எந்த ஊர், எங்கே தங்குவது, லீவுக்கு எங்கே, மாதம் எவ்வளவு, அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று ஒவ்வொன்றாக எழுதச் சொல்லுங்கள், பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து. ஆதார், சாதிச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், இல்லத்தில் இருந்ததற்கான சான்று, குழு போட்ட உத்தரவின் நகல், எல்லாவற்றையும் ஒரு பைலில் போட்டுப் பிள்ளை கையிலேயே கொடுங்கள். சின்ன வயதில் திறந்த வங்கிக் கணக்கைப் பிள்ளை பெயரில் தனிக் கணக்காக மாற்றி, கேஒய்சி முடித்துவிடுங்கள். பிற்காப்புத் தொகை அந்தக் கணக்குக்குத்தான் நேராக வர வேண்டும்.

இதைப் படிக்கிற நீங்களே ஹோமிலிருந்து வந்தவர், 18 தாண்டிவிட்டது, யாரும் எதுவும் சொல்லவில்லை என்றால், 21 முடியாதவரை உங்களுக்கும் கேட்கும் தகுதி இருக்கிறது. உங்கள் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு எங்கே என்று கலெக்டர் ஆபீஸில் கேட்டால் சொல்வார்கள். இல்லத்தில் இருந்ததற்கான தாள் இருந்தால் கொண்டுபோங்கள். இல்லாவிட்டால் முதலில் பழைய ஹோமுக்குப் போய் அதைக் கேட்டு வாங்குங்கள். "பிற்காப்பு உதவி வேண்டும்" என்று எழுதி மனுவாகக் கொடுங்கள், நகலில் தேதியோடு சீல் வாங்கிக்கொள்ளுங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் உங்கள் பழைய டீச்சர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். கூப்பிட்டால் வருவார்கள்.